சட்டைய மாத்திட்டு வாங்க மச்சான்

லீவுக்கு ரெண்டு மூணு குடும்பமா சேர்ந்து காட்டேஜ் எடுத்துத் தங்கப் போறீங்களா? அப்போ இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. வீட்டுல வீசிங் வர்ற குழந்தையோ ஆஸ்துமா இருக்கற பெரியவங்களோ இருந்தா கண்டிப்பா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

போன மே மாசம் எங்க குடும்பமும் என் மனைவியோட அண்ணன் குடும்பமும் சேர்ந்து கொடைக்கானல் போனோம். கூட என் மாமியார். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு கிடைக்கறதே பெரிய விஷயம். ட்யூட்டிய மாத்தி, இ-பாஸ் எடுத்து, மூணு பெட்ரூம் காட்டேஜ் ஒண்ண ஆன்லைன்ல புக் பண்ணி, வத்தலக்குண்டு வழியா மலை ஏறி, சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம்.

கதவைத் திறந்ததும் முதல்ல வந்தது மல்லிகைப்பூ ரூம் ஸ்ப்ரே. அது கொஞ்சம் அடங்கினதும் அதுக்கு அடியில இருந்து இன்னொண்ணு வந்துச்சு. பழைய சிகரெட் வாடை.

"சார், நேத்து தங்கின பசங்க கொஞ்சம் பிடிச்சிட்டாங்க போல. இதோ போயிடும்"னு சொல்லிட்டு, காட்டேஜ் பாத்துக்கிற அண்ணன் இன்னும் நாலு தடவை ஸ்ப்ரே அடிச்சார். தரை பளிச்னு இருந்துச்சு, பெட்ஷீட் புதுசு. ஆனா ஜன்னல் ஸ்கிரீனைப் பிடிச்சு மூக்குக்கிட்ட கொண்டு போனா அப்படியே ஆஷ்ட்ரேய மோந்து பார்த்த மாதிரி. தரை முழுக்க கார்ப்பெட் வேற.

நான் அந்த இடத்துலயே "வேற ரூம் கொடுங்க, இல்லன்னா பணத்தைத் திருப்பிக் கொடுங்க"ன்னு கேட்டிருக்கணும். கேட்கல. சீசன் நேரம், வேற இடம் கிடைக்காது, எல்லாரும் களைச்சுப் போயிருக்காங்க. "ஜன்னலைத் திறந்து வச்சா சரியாயிடும்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். என் பொண்ணுக்கு நாலு வயசு. சளி பிடிச்சா வீசிங் வர்ற குழந்தை. இது தெரிஞ்ச டாக்டர் அப்பா எடுத்த முடிவு அது. ராத்திரி குளிர் ஏறினதும் அந்த ஜன்னலையும் சாத்திட்டோம்.

நடுராத்திரி ரெண்டு மணிக்குப் பாப்பா இருமி எழுந்தா. நெஞ்சுல காதை வைக்காமலேயே விசில் கேக்குது. விலா எலும்புக்கு நடுவுல சதை உள்ள இழுக்குது. இன்ஹேலரையும் மாஸ்க் வச்ச ஸ்பேசரையும் நல்லவேளையா எடுத்துட்டு வந்திருந்தோம். மடியில உட்கார வச்சு மருந்தை ஆரம்பிச்சேன்.

சத்தம் கேட்டு என் மச்சான் ஓடி வந்தார். என் பொண்ணுன்னா அவருக்கு உயிர். "என்னடா தங்கம், மாமாகிட்ட வா"ன்னு அள்ளித் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டார். அவர் சட்டையில இருந்து சிகரெட் வாடை குப்புன்னு அடிச்சுது. பாப்பா இன்னும் பலமா இருமினா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பினா.

"மச்சான், பாப்பாவ என்கிட்ட கொடுங்க. நீங்க போய் கை கழுவி சட்டைய மாத்திட்டு வாங்க."

சத்தமா சொல்லல. ஆனா அவர் முகம் மாறினதைப் பார்த்தேன். ஒண்ணும் சொல்லாம குழந்தையைக் கொடுத்துட்டு வெளிய போனார்.

இருபது நிமிஷத்துல மூச்சு சீராச்சு. பாப்பா தூங்கிட்டா. நான் தூங்கல.

காலையில விஷயம் புரிஞ்சுது. மச்சான் இருபது வருஷமா சிகரெட் பிடிக்கறவர். ஆனா அம்மா முன்னாடி பிடிக்க மாட்டார், தங்கச்சி வீட்டுக்காரரான என் முன்னாடியும் பிடிக்க மாட்டார். அது அவர் காட்டற மரியாதை. அன்னிக்கு ராத்திரி மாமியார் தூக்கம் வராம வராந்தாவுல உட்கார்ந்திருந்தாங்க. வெளிய போக வழியில்ல. அதனால ரெண்டு ரூமுக்கும் பொதுவா இருந்த பாத்ரூமுக்குள்ள போய், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுட்டு ரெண்டு சிகரெட் பிடிச்சிருக்கார். யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சிருக்கார். கதவுக்கு அடியில இருந்த இடைவெளி வழியா புகை நேரா வந்தது எங்க ரூமுக்கு.

கொடைக்கானல் குளிரும் வீசிங்கைத் தூண்டும். ஏற்கெனவே அந்த வீட்டுல இருந்த வாடையும் இருக்கு. அதனால மச்சான் பிடிச்ச ரெண்டு சிகரெட்தான் முழுக்கக் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சிகரெட் புகை ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதில் மருத்துவத்தில் எந்தச் சந்தேகமும் கிடையாது.

காலையில ரெண்டு பேரும் டீயோட கேட் பக்கம் போய் நின்னோம். அவர்தான் ஆரம்பிச்சார். "மாப்ள, நான் பாத்ரூம்லதான பிடிச்சேன். ஃபேன்கூட போட்டிருந்தேனே."

அப்போ நான் அவர்கிட்ட சொன்னதைத்தான் இப்ப உங்ககிட்டயும் சொல்றேன்.

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. பிடிக்கிறவர் உள்ளே இழுப்பது முதல் வகைப் புகை. பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாம் வகை. இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஜன்னலைத் திறப்பதும் ஃபேன் போடுவதும் புகையைக் குறைக்கலாம், இல்லாமல் செய்யாது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் "வாடை" என்கிறோம். புகை காற்றில் கலைந்து போனதாக நினைக்கிறோம். ஆனால் நிக்கோடினும் மற்ற பொருட்களும் சுவரில், ஸ்கிரீனில், கார்ப்பெட்டில், சோபாவில், மெத்தையில், நம் சட்டையில், தலைமுடியில் படிந்துவிடுகின்றன. பிறகு மெதுவாகத் திரும்பக் காற்றில் கலக்கின்றன. அதனால்தான் நேற்று பிடித்த சிகரெட் இன்று நாறுகிறது. அந்த வாடை வெறும் வாசனை இல்லீங்க, பொருள். மூக்குக்கு வருதுன்னா அது ரூம்ல இன்னும் இருக்குன்னு அர்த்தம்.

2010-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் ஒரு விஷயத்தைக் காட்டியது. சுவரிலும் துணியிலும் படிந்த நிக்கோடின், அறைக் காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புகையிலைக்கே உரிய நைட்ரோசமின் என்ற புற்றுநோய்க் காரணிகளாக மாறுகிறது. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, புகைபிடிப்பவர்கள் காலி செய்த வீடுகளைப் பரிசோதித்தது. சுத்தம் செய்து, சுமார் ரெண்டு மாசம் பூட்டிக் கிடந்த பிறகும் அந்த வீடுகளின் தூசியிலும் சுவர்களிலும் நிக்கோடின் இருந்தது. புதுசா குடிவந்த, புகைபிடிக்காதவர்களின் விரல்களிலும் அது ஒட்டியிருந்தது. அதே குழு பிறகு ஹோட்டல்களையும் ஆராய்ந்தது. சில ரூம்களில் மட்டும் புகைபிடிக்க அனுமதிக்கும் ஹோட்டல்களில், புகை இல்லாத ரூமில் தங்கியவர்களும் முழுசா தப்பிக்கவில்லை.

இந்தப் படிவால் மனிதர்களுக்கு எவ்வளவு நோய் வருகிறது என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு ராத்திரி தங்கினா கேன்சர் வந்துடும்னு யாரும் பயப்பட வேண்டாம். ஆனா தரையில தவழ்ந்து, ஸ்கிரீனைப் பிடிச்சு விளையாடி, கையை வாயில வைக்கிறது குழந்தைங்கதான். எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறதும் அவங்கதான்.

எல்லாத்தையும் கேட்டுட்டு மச்சான் சொன்னார். "எனக்கு அந்த வாடையே தெரியல மாப்ள."

பொய் இல்லை. ஒரே வாசனையிலேயே இருந்தா மூக்கு பழகிடும். தினமும் பிடிக்கிறவருக்கு வாசனை உணர்வே குறைஞ்சிருக்கவும் செய்யும். எனக்கு இது நல்லா தெரியும், ஏன்னா நானும் பிடிச்சவன்தான். ஹவுஸ் சர்ஜன் காலத்துல நைட் ட்யூட்டி சாக்குல பழகினது. ஒருமுறை ஊட்டியில ஒரே ரூம்ல ஆறு பேர் தங்கினோம். அதுல ஒருத்தன் பிடிக்காதவன், ரெண்டு ராத்திரியும் தலைவலின்னு படுத்தே கிடந்தான். "ஜன்னல் திறந்துதானடா இருக்கு"ன்னு நாங்க அவனைக் கிண்டல் பண்ணோம். காலி பண்ணும்போது ரூம்ல வாடை எதுவும் இல்லன்னு மனசார நம்பினேன். எங்களுக்கு அடுத்து அந்த ரூமுக்கு எந்தக் குழந்தை வந்துச்சோ, தெரியாது. இதை மச்சான்கிட்ட சொன்னப்பதான் அவர் முகம் கொஞ்சம் இளகுச்சு.

அப்புறம் நாங்க ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கேட் ஓரம் மரத்தடியில ஒரு பிளாஸ்டிக் சேர், துண்டு போட ஒரு மக்குல தண்ணி. பிடிக்கணும்னா அங்கதான். மேல போட ஒரு பழைய ஜெர்கின், அது வீட்டுக்குள்ள வராது. உள்ள வர்றதுக்கு முன்னாடி கை, வாய் கழுவணும். "அம்மா பார்த்துடுவாங்களே"ன்னார். நான் மாமியார்கிட்ட தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னா, "இருபது வருஷமா அவன் சட்டைய துவைச்சவ நான். எனக்குத் தெரியாதாக்கும்!"னுட்டாங்க.

இருபது வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயத்தை எல்லாருமே மறைச்சிருக்கோம். நம்ம வீடுகள்ல மரியாதைக்காக மறைச்சுப் பிடிக்கற சிகரெட்தான் பாத்ரூமுக்குள்ளயும் படுக்கை ரூமுக்குள்ளயும் வருது. பேசியிருந்தா அது கேட்டுக்கு வெளிய நின்னிருக்கும். இந்த த்ரெட்டை நான் எழுதறதே இதுக்காகத்தான்.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

1. புக் பண்றதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேளுங்க. "உள்ள சிகரெட் பிடிக்க அனுமதி உண்டா? வீசிங் இருக்கற குழந்தை வருது"ன்னு சொல்லுங்க. பதிலை மெசேஜா வாங்கி வச்சுக்கோங்க. கார்ப்பெட்டும் கனமான ஸ்கிரீனும் இல்லாத வீடு கிடைச்சா இன்னும் நல்லது.

2. போனதும் பெட்டியை இறக்காதீங்க. முதல் அஞ்சு நிமிஷம் மட்டும்தான் உங்க மூக்கு சரியா சொல்லும். ஸ்கிரீன், தலையணை, கம்பளி, அலமாரி நாலையும் மோந்து பாருங்க. வாடை இருந்தா அப்பவே ரூம் மாத்தச் சொல்லுங்க. நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க.

3. வேற வழியே இல்லன்னா, குழந்தைக்கு வாடை குறைவான ரூமைக் கொடுங்க. ஸ்கிரீனையும் கம்பளியையும் மாத்தச் சொல்லுங்க, வீட்டுல இருந்து சொந்தப் போர்வை கொண்டு போங்க. கைப்படற இடங்களைச் சோப்புத் தண்ணியில துடைங்க. ஸ்ப்ரே வேண்டாம். அது வாடையை மறைக்கும், படிவை எடுக்காது. வீசிங் இருக்கறவங்களுக்கு ஸ்ப்ரேயே தனியா தொந்தரவு தரும்.

4. கூட வர்றவங்ககிட்ட கிளம்பறதுக்கு முன்னாடியே பேசுங்க. "பிடிக்காதே"ன்னு உபதேசம் பண்ண வேண்டாம். "எங்க பிடிக்கப் போறீங்க?"ன்னு கேளுங்க. இடத்தை முதல் நாளே முடிவு பண்ணுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு, அழற குழந்தையை வச்சுக்கிட்டுப் பேசற பேச்சு காயப்படுத்தும்.

5. பிடிக்கிறவங்களுக்கு: பால்கனியும் ஜன்னலோரமும் வெளிய கிடையாது. கட்டடத்தை விட்டுத் தள்ளிப் போங்க. கடைசி இழுப்புக்கு அப்புறமும் மூச்சுல கொஞ்ச நேரம் புகை வரும். உடனே உள்ள வராதீங்க. துண்டைத் தண்ணியில அணைங்க, மலையில காய்ஞ்ச புல்லுல வீசாதீங்க.

6. சட்டமும் உங்க பக்கம்தான். 2003-ம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகளும் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்கின்றன. அபராதம் 200 ரூபாய் வரை. 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல்தான் புகைபிடிக்கத் தனி இடம் ஒதுக்கலாம். முழு காட்டேஜையும் நீங்களே எடுத்தா, அங்க நீங்க எல்லாரும் சேர்ந்து போடறதுதான் சட்டம்.

7. வீசிங் இருக்கற குழந்தைன்னா இன்ஹேலர், ஸ்பேசர், மாஸ்க் மூணும் கைப்பையில இருக்கட்டும். மருந்து கொடுத்தும் நெஞ்சு உள்ள இழுக்குது, பேச முடியல, உதடு நீலமாகுதுன்னா யோசிக்காம 108-க்குக் கூப்பிடுங்க.

8. விடணும்னு நினைக்கிறவங்களுக்கு 1800 112 356 இலவச எண். சிகரெட் பாக்கெட்லயே போட்டிருக்கும், பாருங்க. பக்கத்து அரசு மருத்துவமனையிலயும் வந்து கேக்கலாம். நாங்க திட்ட மாட்டோம்.

மச்சான் சிகரெட்டை விட்டுட்டாரான்னு கேப்பீங்க. இன்னும் விடல. ஒரு தடவை அந்த நம்பருக்குப் பேசினாராம். பத்துல இருந்து நாலுக்கு வந்திருக்கார். நாலும் தப்புதான், அவருக்கும் தெரியும்.

போன வாரம் எங்க வீட்டுக்கு வந்திருந்தார். வாசல்ல நின்னு பாப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினார். அவ ரெண்டடி தள்ளி நின்னு, "மாமா, சட்டை மாத்திட்டீங்களா?"ன்னா.

"இரு தங்கம்"னு பையில இருந்து வேற சட்டைய எடுத்துக்கிட்டு நேரா கை கழுவப் போனார். அவரே கொண்டு வந்திருந்தார்.