பொருளும் வினாவும்

இலங்கைப் பல்கலைக்கழகங்களிலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவர், இறுதி ஆண்டில் ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பித்தல் வழக்கம். அதுவரை பிறர் கேட்ட வினாக்களுக்கு விடையெழுதிப் பழகிய ஒருவர், முதன்முறையாகத் தாமே வினாவொன்றை எழுப்பவேண்டிய கட்டம் இதுவாகும். பரீட்சை மண்டபத்தில் பெற்ற பயிற்சி இதற்கு அதிகம் உதவுவதில்லை. எனவேதான் பலர், பொருளொன்றைத் தெரிவுசெய்ததுமே ஆய்வுப் பிரச்சினையையும் கண்டுவிட்டதாக எண்ணி அமைதி கொள்கின்றனர்.

மட்டக்களப்புக் கிராமமொன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, 'மட்டக்களப்புக் கூத்தும் சமூகமும்' எனத் தலைப்பிட்ட தாளுடன் விரிவுரையாளரிடம் செல்கிறாள் எனக் கொள்க. "தலைப்பு நன்று. நீர் எதை அறிய விரும்புகின்றீர்?" என அவர் வினவுகின்றார். கூத்தின் தோற்றம், வடமோடி தென்மோடி வேறுபாடு, ஆட்டம், உடை, இன்றைய நிலை என அவள் அடுக்கிச் செல்கின்றாள். அவை இயல்களின் பெயர்களேயன்றி வினாக்கள் அல்ல. அன்றியும், மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிப் பேராசிரியர் சி. மௌனகுரு செய்த விரிவான ஆய்வு 1998இல் நூலாகவும் வெளிவந்துள்ளது. சொல்வதற்கு இனி எதுவுமில்லை என்ற சோர்வு அவளைப் பற்றிக்கொள்கின்றது.

பொருளுக்கும் பிரச்சினைக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பேராசிரியர் க. கைலாசபதியின் ஆய்வு தெளிவுறக் காட்டும். சங்கப் பாடல்கள் என்பது பொருள். அதனை ஆராய்ந்தோர் அவருக்கு முன்னரும் பலர். ஹோமரின் காவியங்களில் ஒரே அடைமொழித் தொடர்கள் திரும்பத் திரும்ப வருவதை 1928ஆம் ஆண்டு ஆய்வேடுகளில் விளக்கிய மில்மன் பரி, பின்னர் 1933க்கும் 1935க்கும் இடையில் யூகோசிலாவியாவுக்குச் சென்று வாய்மொழிப் பாடகரின் பாடல்களைப் பதிவுசெய்தார். எழுத்தின் துணையின்றி நெடும்பாடல் புனைவோர் எவ்வாறு புனைகின்றனர் என்பதை நேரிலே காண்பதே அவரது நோக்கம். பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு நிகழ்த்திய கைலாசபதி, அவ்வழியிற் பிறந்த வினாவைச் சங்கப் பாடல்களை நோக்கித் திருப்பினார். இப்பாடல்கள் வாய்மொழியாகப் புனையப்பட்டவையா? 1968இல் வெளியான அவரது ஆங்கில நூல் ஆம் என விடை பகர்ந்தது. ஜோர்ஜ் ஹார்ட்டோ, 1975இல் வெளிவந்த தமது நூலில், பாணர் மரபைப் பின்பற்றி எழுத்தறிந்த புலவர் இயற்றியவை இவை என வாதிட்டார். கைலாசபதியின் விடை மறுக்கப்படக்கூடியதாக இருந்தமை அவரது ஆய்வின் குறையன்று. சங்ககால வீரத்தைப் போற்றி எழுதப்படும் கட்டுரைகளை எவரும் மறுப்பதில்லை. மறுப்பதற்கு அவற்றில் ஒரு கூற்றும் இருப்பதில்லை.

இந்நோக்கில் மாணவியின் தாளை மீண்டும் பார்க்குமிடத்து, அவளுக்கு வேண்டியது புதிய பொருளன்று என்பது புலனாகும். அவளது ஊரில் அண்ணாவியாரிடம் கூத்துக் கொப்பியொன்று உண்டு. களரியிலே பாடப்படுவது அக்கொப்பியில் உள்ளவாறேதானா? சட்டங்கொடுத்தது முதல் அரங்கேற்றம் வரையான பயிற்சியில் எவ்வடிகள் மாறுகின்றன, எவை மாறாது நிற்கின்றன? மாற்றங்கள் தாளக்கட்டின் பொருட்டு நிகழ்பவையா, நினைவுத் தவறால் நேர்பவையா, ஆடுவோரின் குரலுக்கும் ஆற்றலுக்கும் ஏற்ப அண்ணாவியார் வேண்டுமென்றே செய்பவையா? கூத்துப் பாடல் வாயிலேயே வாழ்கின்றது என்பது அவளது கருதுகோள். கொப்பியும் களரியும் அடிக்கு அடி ஒத்துவருமாயின் அக்கருதுகோள் தளரும். அவ்வாறு தளர்வதற்கும் இடமிருப்பதனாலேயே இது ஆய்வுப் பிரச்சினையாகின்றது.

எல்லையும் இதனோடு அமைந்துவிடுகின்றது: ஒரு கொப்பி, ஒரு கூத்து, ஒரு பயிற்சிக் காலம். பயிற்சிகளைக் கைத்தொலைபேசியிலே ஒலிப்பதிவு செய்து, கொப்பியுடன் ஒப்பிட்டு, வேறுபாடுகளை வகைப்படுத்தலாம். பெறும் முடிபு ஏனைய ஊர்களுக்கும் பொருந்தும் என அவள் கூறமுடியாது. கூறவேண்டிய தேவையும் இல்லை. கூத்தின் தோற்றம் பற்றிய இயல் இவ்வினாவுக்கு உதவாதெனின், அது எத்தனை பக்கங்களில் எழுதப்பட்டிருப்பினும் விலக்கப்படவேண்டியதே. மாணவர்க்கு மிகக் கடினமானது இவ்விலக்கலாகும். பக்கம் குறைந்தால் உழைப்பும் குறைந்ததாகக் கருதப்படுமோ என்ற அச்சம் அவர்களை எளிதில் விடுவதில்லை.

எமது நாட்டைப் பொறுத்தவரை இது புள்ளி பெறுவதோடு முடியும் காரியமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையோர வீடுகளை அள்ளிச் சென்றபோது அவற்றிலிருந்த எழுத்துக்களும் உடன் சென்றன. எஞ்சியுள்ள கொப்பிகளின் மை மங்குகின்றது; அவற்றின் இராகத்தை அறிந்தோர் முதுமை எய்துகின்றனர். இன்று கேட்காத வினாவை இருபது ஆண்டுகளின் பின் கேட்பதற்கு ஆளிருந்தாலும், விடைகூற ஆளிருக்கமாட்டார்.

அண்ணாவியார் தமது கொப்பியை எடுத்துக் கொடுக்குமுன், "இதுக்குள்ள என்னத்தத் தேடப்போறீங்க, மகள்?" எனக் கேட்கக்கூடும். விரிவுரையாளர் கேட்டதும் இதனையே. ஆய்வேட்டின் முதலாம் இயலில் எழுதவிருப்பதை அவருக்கு விளங்கும் வகையில் இரண்டொரு வாக்கியங்களில் அவள் எடுத்துரைக்க வேண்டும். அவர் அதனைக் கேட்டுத் தலையசைக்கலாம். அல்லது, "அப்பிடியில்ல, மகள்" எனத் திருத்தலாம். திருத்துவாராயின், அவளது ஆய்வு அக்கணமே தொடங்கிவிடுகின்றது.