பிடி அரிசி போன தூரம்

வேங்கிக்கால்,
திங்கள் காலை

அன்புள்ள கிரேஸ்,

வந்த வேலை முடிய இன்னும் இரண்டு நாள் ஆகும். வேலூர் சாலையில், கலெக்டர் ஆபீஸ் பக்கமாக அறை எடுத்திருக்கிறேன். ஏரிக்கரைக்கு நடந்து போனால் திருவண்ணாமலையின் மலை முழுசாகத் தெரிகிறது. நேற்று அதே மலையை ஒரு சின்ன சபையின் ஜன்னல் வழியாகப் பார்த்தபடி ஆராதனையில் இருந்தேன்.

ஜெபக்குறிப்பில் பர்மாவின் ஷான் மக்கள் பெயர் வந்தது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் இன்லே ஏரிக் கிராமங்கள் இடிந்தது உனக்கு நினைவிருக்கும். அது ஷான் மாநிலம்தான். பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைத் தொட்டு, "ஷான்னா எந்த ஊர் ஜனங்கம்மா?" என்றார். பர்மாவின் கிழக்கு மலைகளில் இருப்பவர்கள், தங்களைத் 'தாய்' என்று சொல்லிக்கொள்பவர்கள், பெரும்பாலும் பௌத்தர்கள், சொந்த எழுத்தும் நூல்களும் உள்ளவர்கள் என்று மெதுவாகச் சொன்னேன். "நம்மள மாதிரி சோறுதான் சாப்பிடுவாங்களா?" "சோறுதான், பாட்டி." தலையசைத்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். காணிக்கைப் பை இன்னும் எங்கள் வரிசைக்கு வரவில்லை.

அந்த முடிச்சு என்னை விடவில்லை, கிரேஸ். இந்த ஊரே ஒரு காலத்தில் யாரோ காணிக்கை போட்ட ஊர். 1821-இல் தொடங்கிய டேனிஷ் மிஷனரி சங்கம், 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் கார்ல் ஓக்ஸ் நடத்திய பணியை ஏற்றுத் தமிழ்நாட்டுக்கு வந்தது. திருவண்ணாமலை டவுனில் டேனிஷ் மிஷன் பள்ளி இன்றும் நடக்கிறது. அண்ணாமலையார் பெயரைக் கேள்விப்பட்டே இராத டென்மார்க் கிராமத்தார் கொடுத்த காசு அது.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது எஸ்தர் ஃபேரிங்கின் கதை. 1916-இல் அந்த மிஷனில் வந்தவர். இங்கிருந்து பக்கம்தான் திருக்கோவிலூர், அங்கே இருந்தார். 1917-இல் அகமதாபாத் ஆசிரமத்துக்குப் போய் காந்தியைப் பார்த்தார். அதன்பின் காந்தி அவருக்கு மகளுக்கு எழுதுவதுபோல் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் மிஷனை விட்டு ஆசிரமத்துக்கே போய்விட்டார். அனுப்பியவர்களுக்கு அது வலித்திருக்கும். ஆனால் சொல்ல வந்த இடத்தில் கேட்கவும் செய்தாரே, அதற்காகவே அவரை நேசிக்கிறேன்.

நம் திருநெல்வேலிக்காரர்களும் அனுப்பியவர்கள்தானே. யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் தாண்டித் தொண்டிப் பக்கம் ஊழியரை அனுப்பியதை, வெள்ளாளன்விளை அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது அறிந்தார். மறு வருஷமே, 1903-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. தோர்ணக்கல் பக்கத்துத் தெலுங்கு மக்களிடம் ஆள் அனுப்பினார்கள். 1909-இல் அசரியாவே அங்கே போய்த் தெலுங்கு படித்தார், 1912-இல் அங்கேயே பிஷப் ஆனார். என் ஆச்சி உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவாள். "இது தெலுங்கு தேசத்துக்கு" என்பாள். அவள் தாமிரபரணியைத் தாண்டியதே அபூர்வம்.

ஒரு சபை 'மிஷனைத் தாங்குகிறோம்' என்றால் நான் முதலில் கேட்க நினைப்பது, போனவர் அந்த ஜனங்களின் பேச்சைப் படித்தாரா என்பதுதான். ஷான் நாட்டுக்கு அமெரிக்க பாப்டிஸ்டுகள் அனுப்பிய ஜோசையா குஷிங் 1881-இல் ஷான் அகராதி வெளியிட்டார். வேதாகமத்தையும் அந்த மொழியில் பெயர்த்தார். அங்கே இன்றும் பெரும்பாலோர் விகாரைக்குத்தான் போகிறார்கள். அதனால் அந்த உழைப்பு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பேச்சை அத்தனை வருஷம் காது கொடுத்துக் கேட்பதே அன்பு. இன்று கூரை இழந்து நிற்பவர்களுக்கு இங்கிருந்து காசு போகிறதென்றால், கும்பிடும் இடம் எது என்று கேளாமல் போக வேண்டும் என்றும் ஜெபித்தேன்.

ஆராதனை முடிந்து பாட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். "அந்தப் பேரு இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார். "ஷான்." வண்டி நகரும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய மிஷன் பத்திரிகைக் கட்டு ஒன்று இருக்குமே, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதே. வியாழக்கிழமை வந்ததும் பார்க்கிறேன். அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்.

அன்புடன்,
உன் ஜெயா