மணல் மூடிய வழி

பெல்ஜியத்தின் புரூஜ் நகரை விடிகாலையில் நடந்து பார்க்க வேண்டும். பத்து மணிக்கு மேல் பிரஸ்ஸல்ஸ் ரயில்களில் வந்திறங்கும் கூட்டம் தெருக்களை நிறைத்துவிடும். அதற்கு முன், ஒரு காலத்தில் ஜெபமாலை விற்ற ரோசன்ஹுட்காய் கரையில் நின்றேன். வீடுகளின் செங்கல் சுவர்கள் நேராகக் கால்வாய்க்குள் இறங்குகின்றன. சுவரின் அடியில் பாசி. தலைக்கு மேல் 83 மீட்டர் மணிக்கோபுரம். அதன் 366 படிகளையும் ஏறினேன். உச்சியிலிருந்து பார்த்தால் ஓட்டுக்கூரைகளும் தேவாலயக் கோபுரங்களும்தான். கடல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

அந்தக் கடல்தான் இந்த ஊரை வாழவைத்தது. 1134இல் அடித்த புயல் கரையைப் பிளந்து 'ஸ்வின்' என்ற கழியைத் திறந்துவிட்டது. அதன் வழியாக இங்கிலாந்தின் கம்பளி வந்து ஃபிளாண்டர்ஸ் துணியானது. வெனிஸ் கப்பல்கள் நம் மலபார் மிளகைக் கொண்டுவந்தன. ஃபான் டெர் பூர்சே குடும்பத்தின் விடுதி வாசலில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசினார்கள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பங்குச்சந்தைக்கு வழங்கும் 'பூர்ஸ்' என்ற பெயர் அங்கே பிறந்தது என்பார்கள்.

பிறகு மணல் வந்தது. 1500 வாக்கில் கழி தூர்ந்தது. தங்களை ஆண்ட மாக்சிமிலியனை 1488இல் ஊரார் சிறைப்பிடித்ததால் அரச தயவும் போயிற்று. வணிகர்கள் ஆன்ட்வெர்ப்புக்குக் கிளம்பினார்கள். போர்ச்சுக்கீசியர் கடல்வழி கொண்டுவந்த மிளகும் அங்கேதான் இறங்கியது. புரூஜில் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லை. இன்று நாம் வியக்கும் அழகில் பாதி, அந்த வறுமை விட்டுவைத்தது. மீதியை 19ஆம் நூற்றாண்டில் பழைய பாணியிலேயே புதுப்பித்தார்கள். எது பழையது, எது புதியது என்று எனக்குப் பல இடங்களில் பிரித்தறிய முடியவில்லை. 2000இல் நகர மையம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

போனது திரும்பி வந்த கதையும் ஒன்று இங்கே உண்டு. மாதா தேவாலயத்தில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய பளிங்கு அன்னையும் மகனும் இருக்கிறார்கள். இவ்வூர்த் துணி வணிகர்கள் வாங்கி வந்த சிலை. 1794இல் பிரெஞ்சுப் படை எடுத்துச் சென்றது, பின்னர் சிலை ஊருக்கு மீண்டது. 1944இல் ஜெர்மானியர் மெத்தைகளில் பொதிந்து கடத்தினார்கள். மறு ஆண்டு ஆஸ்திரியாவின் அல்டாவுஸே உப்புச் சுரங்கத்தில் கிடைத்தது. வெகுநேரம் அதன் முன்னால் நின்றேன். மரியாள் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவனோ மடியிலிருந்து நழுவி ஒரு காலைக் கீழே வைக்கப் போகிறான். கை மட்டும் இன்னும் தாயின் கையில் இருக்கிறது.