ஐராவதநல்லூர்

மதுரைக் கீழவாசலிலிருந்து கிழக்கே செல்லும் சாலையில் மாரியம்மன் தெப்பக்குளத்தைத் தாண்டினால் ஐராவதநல்லூர் வருகிறது. வைகையின் தென்புறத்தே உள்ள இவ்வூர் இப்போது நகரத்தோடு ஒன்றாகிவிட்டது. துர்வாச முனிவர் அளித்த பிரசாத மலரைக் காலால் மிதித்த குற்றத்துக்காகக் காட்டானையாய்த் திரிந்த தேவேந்திரனின் வெள்ளை யானை, மதுரையை அடைந்து சாபம் நீங்கப் பெற்றதெனத் திருவிளையாடற் புராணம் கூறும். அந்த யானையின் பெயரே ஊருக்கும் நிலைத்தது. நாம் சென்ற அன்று யானையைக் காணவில்லை. பஸ்களையும் கடைகளையுமே கண்டோம்.

ஆயினும் அதே பெயருடைய யானை ஒன்று கடலில் உலவி வருகிறது. அதுதான் நமது கடற்படையின் 'ஐராவத்' என்னும் கப்பல். கொல்கத்தாவில் கட்டப்பட்ட இக்கப்பல், 2009-ஆம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. நீளம் சுமார் 125 மீட்டர். எடை 5,000 டன்னுக்கு மேல். 500 போர்வீரர்களையும் 11 டாங்கிகளையும் சுமந்துகொண்டு மணிக்குச் சுமார் 15 கடல் மைல் வேகத்தில் செல்லும். துறைமுகம் இல்லாத இடத்திலும் கரையை நெருங்கி, முகப்புக் கதவைத் திறந்து, டாங்கிகளை நேரே மணலில் இறக்கிவிடும். பாரம் சுமக்கும் கப்பலுக்கு யானையின் பெயர் பொருத்தமே அல்லவா?

கடலே இல்லாத மதுரைக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். தெற்கே கரிசற் சமவெளி வழியாகச் சுமார் 90 மைல் சென்றால் தூத்துக்குடி. 1906-ல் அங்கே வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தபோது, அதன் தலைவராய் விளங்கியவர் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே பெருமகனார். தமிழை வளர்த்த கை கப்பலுக்கும் துணை நின்றது. ஆனால் கப்பல்களை அந்நிய நாட்டில்தான் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார்; கம்பெனியும் நாளடைவில் நொடித்துப் போயிற்று.

2020-ஆம் வருஷம் ஜூன் 23-ந் தேதி, சிதம்பரனாரின் பெயரைத் தாங்கிய தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஐராவத் வந்து சேர்ந்தது. அன்று அதிலிருந்து டாங்கிகள் இறங்கவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் ஊர் திரும்ப வழியின்றி மாலத்தீவில் தங்கிவிட்ட நம்மவர் 198 பேர் இறங்கினர். மறு வருஷம் மே மாதத்தில், பிராணவாயு கிடைக்காமல் நம் ஆஸ்பத்திரிகள் தத்தளித்தபோது, சிங்கப்பூரிலிருந்து பிராணவாயு உருளைகளை ஏற்றி வந்ததும் இக்கப்பலே.

சிதம்பரனார் கப்பல் விட்டது யுத்தத்துக்காக அன்று. அந்நியர் தயவை நாடாமல் நம் ஜனங்கள் கடலைக் கடக்க வேண்டும் என்பதற்காகவே. அந்த 198 பேரும் நம் நாட்டில் கட்டிய கப்பலில், நம் கொடியின் நிழலில் கரை சேர்ந்தனர். சேனையைச் சுமப்பதற்கென்று பிறந்த கப்பலுக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்? ஐராவதநல்லூர் வழியே செல்லும் நேயர்கள், சாபம் தீர்ந்த யானையோடு இக்கப்பலையும் ஒரு கணம் நினைத்துக் கொள்வார்களாக.