ஃபில்மான்ட் பாதையில் கிலுகிலுப்பை விரியன்

ஃபில்மான்ட் மலைகளில் கோடை முகாமுக்கு வரும் இளம் சாரணர்கள் எதிர்கொள்ளக்கூடிய நச்சுப்பாம்பு ‘ப்ரெய்ரி ரேட்டில்ஸ்னேக்’. புல்வெளிக் கிலுகிலுப்பை விரியன் என்று தமிழில் சொல்லலாம். மூன்று நான்கு அடி நீளம், பச்சை கலந்த சாம்பல் அல்லது பழுப்பு உடல், முதுகு நெடுகக் கரும்பழுப்புத் திட்டுகள். கிலுகிலுப்பை விரியன்கள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே வெப்பமறியும் குழி கொண்ட குழிவிரியன் துணைக்குடும்பம் இவற்றுடையது. அத்துணைக்குடும்பத்து உறவினர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு, ஆனால் வாலில் கிலுகிலுப்பை இல்லாமல்.

நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடகிழக்கில், சிமரான் என்னும் சிற்றூருக்கு அருகே இருக்கிறது ஃபில்மான்ட். எண்ணெய்த் தொழிலில் பொருளீட்டிய வெய்ட் ஃபிலிப்ஸ் 1938இலும் 1941இலும் அமெரிக்கச் சாரணர் இயக்கத்துக்குக் கொடுத்த நிலம்; இன்று ஏறத்தாழ 1,40,000 ஏக்கர். தாழ்ந்த பகுதி சுமார் 6,500 அடி உயரத்தில் தொடங்குகிறது. பால்டி சிகரம் 12,441 அடியை எட்டுகிறது. நடைப்பயணத்தின் முதல் நாள்களில் வழிகாட்டியாக ஒரு ரேஞ்சர் குழுவுடன் வருகிறார். பிறகு பிள்ளைகளும் உடன்வந்த பெரியவர்களும் தாங்களே வரைபடம் பார்த்து நடக்க வேண்டும்.

பாம்பு எங்கே இருக்கும் என்பதை நிலமே சொல்லிவிடுகிறது. புல்வெளியும் ஜூனிப்பர் புதர்களும் வெயிலேறிய பாறைகளும் உள்ள தாழ்ந்த சரிவுகள்தாம் அதன் இடம். எலியும் தரை அணிலும் அங்கேதான் மிகுதி. உயரம் கூடி, ஊசியிலைக் காடு அடர்ந்து, இரவுக் குளிர் இறங்கும்போது பாம்பைக் காணும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். நேரமும் முக்கியம். காலையில் வெயில் காய வெளியே வரும். உச்சி வெயிலில் பாறை நிழலுக்கோ புதரடிக்கோ போய்விடும். அந்தியில் இரை தேடிக் கிளம்பும். சாரணர்கள் வெயிலுக்கு முன் நடந்து, நண்பகலில் நிழல் தேடி, மாலையில் மீண்டும் கிளம்புகிறவர்கள். இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே நாள்முறை. சந்திப்பு நேர்வதில் வியப்பில்லை.

பல வேளைகளில் கண்ணுக்கு முன் காது எச்சரிக்கப்படுகிறது. வாலின் நுனியில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த உள்ளீடற்ற வளையங்கள், மனித நகத்தைப்போலக் கெரட்டினால் ஆனவை. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒன்று கூடும். ஆண்டில் ஒரு முறைக்கு மேலும் உரிப்பதுண்டு, பழைய வளையங்கள் ஒடிந்து விழுவதும் உண்டு. ஆகவே வளையத்தை எண்ணி வயது சொல்லும் பழக்கத்துக்கு அடிப்படை இல்லை. இந்த ஒலியில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. இதன் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு கிலுகிலுப்பை விரியனை வைத்து நடந்து 2021இல் வெளியான ஆய்வின்படி, ஆள் நெருங்க நெருங்க அதிர்வு மெல்லக் கூடிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் திடீரென மிக உயர்ந்த வேகத்துக்குத் தாவுகிறது. கேட்பவருக்குப் பாம்பு உண்மையான தொலைவைவிடக் கிட்டத்தில் இருப்பதுபோல் தோன்றுகிறது. கடிக்காமலே ஆளை விலக்கிவிடப் பாம்பு கண்ட வழி இது. நச்சு அதற்கு இரைக்காகச் சேமித்த செல்வம். ஆனால் எல்லாப் பாம்பும் எப்போதும் ஒலி எழுப்புவதில்லை. நிறத்தை நம்பி அசையாமல் கிடப்பவையும் உண்டு.

ஒலி கேட்டதும் செய்ய வேண்டியது: நிற்பது, பாம்பு இருக்கும் இடத்தைக் கண்ணால் உறுதிசெய்வது, மெல்லப் பின்வாங்குவது. தன் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையே பாம்பு பாய்ந்து கொத்தும். ஆறடி விலகிவிட்டால் போதும். கல்லெறிவதும் கம்பால் தள்ளுவதும்தான் ஆபத்தை வரவழைக்கும். துண்டிக்கப்பட்ட தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். ‘புல்ஸ்னேக்’ என்னும் நஞ்சில்லாப் பாம்பு சீறி, வாலைச் சருகில் அதிரவைத்துக் கிலுகிலுப்பை விரியனைப்போல நடிப்பதால், ஒரு பாவமும் அறியாத அதுவும் அடிபட்டுச் சாகிறது. இரண்டுக்குமே வழி விட்டுப் போவதுதான் முறை.

மற்ற அறிவுரைகள் கைகால்களை வைக்கும் இடம் பற்றியவை. மரக்கட்டையைத் தாண்டும் முன் அதன் மறுபுறத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாறை விளிம்பில் கை வைக்கக் கூடாது. இரவில் விளக்கும் மூடிய காலணியும் இல்லாமல் கூடாரத்தை விட்டு வெளியே வரக் கூடாது. கரடிக்குப் பயந்து உணவை எட்டாதபடி பத்திரப்படுத்தி வைக்கும் வழக்கம் இங்கே கண்டிப்பானது. அதனால் எலியும் குறைகிறது. எலி வராத இடத்தில் பாம்புக்கு வேலை குறைவு.

கடி நேர்ந்தால் என்ன செய்வது என்பதில்தான் கற்பித்தல் அடியோடு மாறியிருக்கிறது. கடிவாயைக் கத்தியால் கீறி நஞ்சை உறிஞ்ச வேண்டும் என்று பல தலைமுறைச் சாரணர்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. அதற்கான சிறு பெட்டிகளும் விற்றன. இன்று கீறுவதில்லை, உறிஞ்சுவதில்லை, இறுகக் கட்டுவதில்லை, பனிக்கட்டி வைப்பதில்லை. தசையை அழிக்கும் நச்சைக் கட்டுப்போட்டு ஓரிடத்தில் தேக்கினால் கையோ காலோ கெடும். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்டவரை அமைதிப்படுத்தி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முதலுதவி. மருத்துவமனை உள்ள ராட்டன் நகரம் சிமரானிலிருந்து ஏறத்தாழ 40 மைல். செம்மறியாட்டின் குருதியிலிருந்து எடுக்கும் எதிர்நச்சு மருந்துக்கு அமெரிக்க அரசு 2000இல் ஒப்புதல் அளித்தது. நாட்டிலுள்ள குழிவிரியன்கள் எல்லாவற்றுக்கும் அதுவே பொதுவாகப் பயன்படுவதால், அடையாளம் காட்டப் பாம்பைக் கொன்று எடுத்துச்செல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேர் வரை நச்சுப்பாம்புக் கடிக்கு ஆளாகின்றனர். இறப்பவர் ஏறத்தாழ ஐந்து பேர். மருத்துவமனை எட்டும் தொலைவில் இருப்பதும் மருந்து கைவசம் இருப்பதும் இந்த எண்ணைத் தாழ்த்தி வைத்திருக்கின்றன.

ஆகஸ்ட் இறுதியில் முகாம்கள் காலியாகின்றன. கோடைக் கடைசியிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் பெண் விரியன்கள் முட்டையிடாமல் குட்டிகளை ஈனும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரு பெண் பாம்பு ஈனும் என்பதால் கொல்லப்படும் ஒவ்வொன்றும் பெரிய இழப்பு. குளிர் தொடங்கியதும் புல்வெளியெங்கும் சிதறியிருந்த பாம்புகள் பாறைப் பிளவுகளுக்குள் கூட்டமாக இறங்கி, வசந்தம் வரை அங்கேயே முடங்குகின்றன.