எஞ்சினுக்கு முன்னாடி முட்டுக்கட்டை

 

மடப்பள்ளிக்குப் பின்னால தகரக் கொட்டகையில நிக்கிற பச்சைக் கார் யாருது, எதுக்கு அங்க கிடக்குதுன்னு ரெண்டு மூனு மாசமா நிறைய பேர் கேக்குறீங்க. தனித்தனியா பதில் சொல்றதை விட இங்கேயே எழுதிடலாம்னு நினைச்சோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. கடைசியில உங்க வண்டிக்கும் ஒரு செய்தி இருக்கு.

அது டாட்சன் 120 ஒய். 'ஏ'ல தொடங்குற பேராக் நம்பர். தோட்டம் இருந்த காலத்துல ஆபீஸ் கிராணியா இருந்த ஐயா ஓட்டினது. டான் சோங் கம்பெனி செகாம்புட்ல 1976ல தொழிற்சாலை திறந்த காலத்துல ஈப்போ, செம்மோர், சுங்கை சிப்புட் எங்க பார்த்தாலும் இந்தக் கார்தான். அப்புறம் ரப்பர் மரம் போச்சு, செம்பனை வந்துச்சு, பாதி நிலம் தாமான் ஆச்சு. லயத்துல இருந்தவங்க எல்லாம் வெளியேறியும் கோயில் மட்டும் நின்னுச்சு. ஐயா காலமானதுக்கு அப்புறம் அவர் குடும்பத்தார் வந்து, "இதை வித்துத் திருப்பணிக்குச் சேர்த்துக்குங்க"ன்னு சாவியைச் சாமி பாதத்துல வச்சுட்டுப் போனாங்க. ஆக, இது சாமி சொத்து. பழைய இரும்புக்காரர் கேட்ட விலையில ஒரு நாள் அன்னதானத்துக்கு அரிசி கூட வாங்க முடியாது.

இதுல இறங்கினது நாங்க ஏழு பேர். ஞாயித்துக்கிழமை பூஜை முடிஞ்சு, பாத்திரம் கழுவிக் கவுத்து வச்சதுக்கு அப்புறமும் வீட்டுக்குப் போகாம இருக்கிறவங்க. நாலு பேர் ஐம்பதைத் தாண்டினவங்க, மூனு பேர் இருபதை எட்டாத பசங்க. ஒருத்தருக்கும் கார் மெக்கானிக் வேலை தெரியாது.

பசங்க போன்ல 'மசல் கார்' வீடியோ பார்க்கிறவங்க. 1964ல அமெரிக்காவுல போண்டியாக் ஜிடிஓன்னு ஒரு கார் வந்துச்சு. நடுத்தர அளவுக் காருக்குள்ள 6.4 லிட்டர் வி8 எஞ்சினை வச்சாங்க, 325 குதிரைசக்தி. அந்த மோகம் அங்கிருந்துதான் பெருசா கிளம்புச்சு. நம்ம நாட்டுல அந்த மாதிரி கார் அதிகம் ஓடாததுக்கு ரோட் டேக்ஸ் ஒரு பெரிய காரணம். இங்க எஞ்சின் சிசி பார்த்துத்தான் கட்டணம். 1,171 சிசி உள்ள இந்த 120 ஒய்க்கு வருஷத்துக்கு 55 வெள்ளி. 5,000 சிசி எஞ்சினுக்கு 11,130 வெள்ளி. அதனால நம்ம ஊர்ப் பசங்க வழி வேற. டாட்சன் 120 ஒய், கேஇ70 கொரோலா மாதிரி எடை குறைஞ்ச, பின்சக்கரத்துல இழுக்கிற பழைய ஜப்பான் காரை எடுத்து, 'ஹாஃப் கட்' கடையில பெரிய எஞ்சின் வாங்கி உள்ள வைக்கிறது. நம்ம ஊரு மசல் கார் அதுதான்.

எங்க மூனு பசங்களும் அதைத்தான் கேட்டாங்க. "அங்கிள், 70 குதிரையை வச்சுக்கிட்டு என்ன பண்றது? 1.6 டுவின் கேம் வைப்போம். நல்ல விலைக்குப் போகும், கோயிலுக்கும் லாபம்."

நாங்க உடனே பதில் சொல்லலை. வேணாம்னு ஒரே வார்த்தையில முடிச்சா இவங்க கோயில் பக்கம் வராம, வேற எங்கேயாவது, நடுராத்திரி ரோட்டுல அதைச் செய்வாங்க. சரின்னு சொல்றதுக்கும் மனசு வரலை. நம்ம கோயில்லயே ரெண்டு பிள்ளைங்களுக்கு மோட்ச தீபம் ஏத்தியிருக்கோம். ரெண்டு பேரும் ரோட்டுலதான் போனாங்க. பேர் வேணாம், உங்களுக்கே தெரியும். அவங்க அம்மாமார் இன்னைக்கும் வெள்ளிக்கிழமை வந்து கடைசி வரிசையில உட்காருறாங்க.

மெங்லெம்பு பக்கம் பெங்கெல் வச்சிருந்து ஓய்வெடுத்த ஒரு சீன அங்கிளைக் கூட்டிட்டு வந்தோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. உள்ள உட்கார்ந்து பிரேக்கை மிதிச்சார். கால் தரை வரைக்கும் போச்சு. பசங்களைப் பார்த்து, "பிரேக் தாக் அடா, எஞ்சின் பெசார் புவாட் அப்பா?"ன்னு கேட்டார். பிரேக்கே இல்லை, பெரிய எஞ்சின் எதுக்குன்னு அர்த்தம். அன்னைக்கே நாலு சக்கரத்தையும் கழட்டச் சொன்னார்.

கழட்டிப் பார்த்தா, முன்பக்கம் வலது கேலிப்பர்ல பிஸ்டன் துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு. பின்பக்க டிரம்முக்குள்ள வீல் சிலிண்டர் ஒழுகி, பிரேக் ஷூ எண்ணெய்ல ஊறிப் போயிருந்துச்சு. ரப்பர் ஹோஸ் உப்பி, அழுத்தினா ஒடியற நிலை. பிரேக் ஆயில் காப்பித்தண்ணி நிறத்துல இருந்துச்சு.

இந்த ஆயில் பத்தி அவர் சொல்லிக்கொடுத்ததை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் சேர்ந்துட்டா 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கேமரன் மலையில இருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா அந்தச் சூடு வந்துரும். ஆயில் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி. ஆயிலை அழுத்த முடியாது, அதனாலதான் அது பிரேக் பிடிக்குது. ஆவி அழுங்கிப்போகும், அதனால கால் சும்மா உள்ளே போகும். தைப்பிங் மழையும் ஈப்போ புழுக்கமும் உள்ள நம்ம மாநிலத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்துறது நல்லதுன்னார்.

இன்னொரு கணக்கும் இருக்கு. 60ல போற வண்டியை 90ல ஓட்டினா வேகம் ஒன்றரை மடங்கு. ஆனா பிரேக் தாங்க வேண்டிய சக்தி ரெண்டேகால் மடங்கு. 120ல போனா நாலு மடங்கு. அந்த 325 குதிரை ஜிடிஓவுக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்தான் கொடுத்தாங்க. டிஸ்க் பிரேக் 1967லதான் வந்துச்சு, அதுவும் தனியாக் காசு கொடுத்துக் கேட்டவங்களுக்கு. வீடியோவுல இதை யாரும் சொல்றதில்லைன்னு பசங்களே தேடிப் பார்த்துட்டு வந்து சொன்னாங்க.

ஃபேக்டரியில நாங்க பல வருஷமா பார்க்கிறதும் இதேதான். மிஷின் வேகத்தைக் கூட்டச் சொல்லி மேல இருந்து உத்தரவு வந்தா, முதல்ல எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திப் பார்ப்போம். அது நிக்கலைன்னா வேகப் பேச்சே கிடையாது.

பசங்க மனசுல இது பதிஞ்சது ஃபேக்டரிக் கதையால இல்லை. தேர்க் கதையால. எங்கள்ல ஒருத்தர் தமிழ்நாட்டு யாத்திரையில திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர். அலங்காரத்தோட 96 அடி உயரம், கிட்டத்தட்ட 300 டன்னுன்னு சொல்றாங்க. அந்தக் காலத்துல ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிச்சாங்க. அந்தப் பழைய தேரை நவீனப்படுத்தணும்னு வந்தப்ப திருச்சி பெல் நிறுவனத்தார் என்ன வச்சுக் கொடுத்தாங்க தெரியுமா? இரும்புச் சக்கரமும் அச்சும், கூடவே ஹைட்ராலிக் பிரேக். எஞ்சின் இல்லை. இழுக்கிறதுக்கு இன்னைக்கும் வடம், பின்னால தள்ளுறதுக்கு புல்டோசர். பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டை போடுறவங்க சக்கரத்துப் பக்கத்துலயே நடந்து வர்றாங்க. தேருக்கு ஸ்டீரிங் கிடையாது. கட்டையை எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கோணத்துல வைக்கிறாங்களோ அதை வச்சுத்தான் தேர் வீதி திரும்பும், நிக்கும்.

வீட்டுல யாராவது காரியத்தைக் கெடுத்தா "முட்டுக்கட்டை போடாதே"ன்னு திட்டுறோம். தேர் வீதியில அந்தக் கட்டையை நம்பித்தான் வடம் பிடிக்கிறவங்க உயிரே இருக்கு. எங்க பசங்கள்ல சின்னவன் இதைக் கேட்டுட்டு, "அப்போ நாமதான் இந்தக் காருக்கு முட்டுக்கட்டை ஆளுங்க"ன்னான். அதுக்கப்புறம் எஞ்சின் பேச்சு கொஞ்ச நாள் வரலை.

வேலையை வரிசையாச் செஞ்சோம். மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கிட், புது ஹோஸ், வீல் சிலிண்டர், ஷூ, பேட். அப்புறம் காத்து எடுக்கிறது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமா இருக்கிற சக்கரத்துல தொடங்கணும். உள்ள ஒருத்தர், வெளியே ஒருத்தர். "மிதி", "பிடி", "விடு"ன்னு சத்தம் கொடுத்துக் கொடுத்து ஒரு மத்தியானம் முழுக்க ஆச்சு.

பிரேக் முடிஞ்ச பிறகுதான் பானெட் திறந்தோம். இந்த ஏ12 எஞ்சின் புதுசாக் கத்துக்கிறவங்களுக்கு ஏத்தது. கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நாலு சிலிண்டர்லயும் அழுத்தம் அளந்தோம், பெரிய வித்தியாசம் இல்லை. கார்புரேட்டரைக் கழட்டி ஜெட்டைச் சுத்தம் பண்ணினோம். எஞ்சின் சூடா இருக்கும்போது வால்வ் இடைவெளி 0.35 மில்லிமீட்டர் வச்சோம். பாயிண்ட் இடைவெளி 0.5. பிளக் வயரை 1-3-4-2 வரிசையில மாட்டினோம். டைமிங் லைட் பிடிச்சு டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாத் திருப்பினோம். தீப்பொறி ரொம்ப முந்தினா எஞ்சின் தட்டும், பிந்தினா இழுவை இருக்காது, சூடு ஏறும். சரியான இடத்துல நின்னப்ப சத்தமே மாறிப் போச்சு. ஒரு குதிரையும் புதுசா வாங்கலை. உள்ள தூங்கிக்கிட்டு இருந்த பழைய குதிரைங்களைத்தான் எழுப்பினோம்.

சோதனைக்குப் பழைய தோட்டத்துப் பாதையில அனுமதி வாங்கினோம். பெரியவங்களே ஓட்டினோம், பசங்க ஓரத்துல நின்னு அளந்தாங்க. கோலமாவுல ஒரு கோடு. போன் காட்டுற வேகம் 50 ஆனதும், கோட்டுல பிரேக். ஒழுகினதை மட்டும் அடைச்சு, பழைய பேட், ஷூவோட மெதுவா முதல்ல பார்த்தப்ப 32 எட்டு போய் நின்னுச்சு, அதுவும் இடது பக்கம் இழுத்துக்கிட்டு. எல்லாம் மாத்தின பிறகு 18 எட்டு, நேரா. நடுவுல இருக்கிற 14 எட்டை ஒரு பையன் திரும்பத் திரும்ப நடந்து பார்த்தான். "அங்கிள், இந்த இடத்துக்குள்ள ஒரு ஆள் நின்னுருந்தா?"ன்னான். யாரும் பதில் சொல்லலை.

கார் புஸ்பாகோம் சோதனைக்குப் போகணும். அங்க உருளை மேல சக்கரத்தை ஏத்தி, இடது வலது பிரேக் சமமாப் பிடிக்குதான்னு பார்ப்பாங்க. அது முடிஞ்சாத்தான் பெயர் மாத்த முடியும். எஞ்சின் விஷயம் இன்னும் முடிவாகலை. பசங்க இப்ப கேக்குறது டுவின் கேம் இல்லை, இதே குடும்பத்து ஏ15, 1,488 சிசி. அதுக்கும் ஜேபிஜே அனுமதி வேணும், கிரான்ட்ல மாத்தணும், இன்சூரன்ஸுக்குச் சொல்லணும். இல்லாம ஓட்டி ஏதாவது நடந்தா இழப்பீடு கேக்கும்போது பெரிய சிக்கல். அப்படியே வித்துடலாம்னு சில பேர், எஞ்சின் மாத்தி வித்தா திருப்பணிக்குக் கூடக் கிடைக்கும்னு சில பேர். நிர்வாகக் கூட்டத்துல பேசுவோம். பசங்க மட்டும் கொட்டகைச் சுவத்துல சாக்பீஸால ஒன்னு எழுதி வச்சிருக்காங்க: "எந்த எஞ்சின் வந்தாலும் 18 எட்டு." அதை அழிக்க வேணாம்னு நாங்களும் விட்டுட்டோம்.

இனி உங்களுக்கான செய்தி. தைப்பூசத்துக்கு முன்னாடி நிறைய பேர் வண்டி பூஜைக்கு வருவீங்க. நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் வைக்கிறதுக்கு முன்னாடி, அரை மணி நேரம் சீக்கிரமா வாங்க. அந்த மூனு தம்பிங்களும் கொட்டகையில இருப்பாங்க. பிரேக் ஆயில் அளவும் நிறமும், டயர் காத்தும் தேய்மானமும், பின்னால பிரேக் லைட், இவ்வளவும் பார்த்துச் சொல்வாங்க. காசு வேணாம். ரிப்பேர் வேலை செய்யமாட்டாங்க, எது சரியில்லைன்னு மட்டும் சொல்வாங்க. அதை உங்க பெங்கெல்ல காட்டிச் சரி பண்ணிக்குங்க. முக்கியமா, பிள்ளைங்களுக்குக் கைமாத்தி விட்ட பழைய மோட்டார் சைக்கிளையும் கொண்டு வாங்க.

பழைய 120 ஒய் சாமான் யார் வீட்டுக் கொல்லையிலயாவது கிடந்தா சொல்லுங்க, வந்து எடுத்துக்கிறோம். முன் கண்ணாடி ரப்பர் அவசரமா வேணும், மழை உள்ள வருது.

வேலும் மயிலும் துணை.