இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு

ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல்தான் அது ஆரம்பமாகும். ராஜ்மாவும் சோறும் தீர்ந்து, மெஸ் ஊழியர்கள் பாத்திரங்களை உள்ளே எடுத்துப்போன பின், சாப்பாட்டு மேஜைகள் சுவரோரம் தள்ளப்படும். ஈரத்துணியால் துடைத்த ஒரே ஒரு மேஜை முன்னால் மிஞ்சும். அதன் மேல் ஒரு தம்ளர் தண்ணீர். பின்னால் ஜோல்னாப் பையோடு வந்து உட்காரும் பேராசிரியர். தலைமை தாங்குவது ஒரு மாணவர். பொன்னாடை கிடையாது, குத்துவிளக்கு கிடையாது. தமிழ்நாட்டுக் கல்லூரி விழாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைக் கூட்டம் என்று நம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

தில்லியில் சமூக அறிவியல் விரிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. குளிரூட்டிய அரங்கில், அழைப்பிதழோடு, முன்வரிசையில் ஓய்வுபெற்ற அதிகாரிகளோடு நடப்பவை அவை. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக விடுதி மெஸ் கூட்டங்கள் வேறு ரகம். பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோருக்கு அனுமதியில் கூடுதல் மதிப்பெண் தரும் வழக்கத்தை நெடுங்காலம் கடைப்பிடித்த பல்கலைக்கழகம் அது. அதனால் பீகார் கிராமமும் மணிப்பூர் மலையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நிலச் சீர்திருத்தம் பற்றிக் கேட்கும். விடுதிகளுக்கெல்லாம் நதிகளின் பெயர். பெரியார் விடுதி என்றதும் புதிதாக வரும் தமிழ் மாணவர் முகம் மலரும். அது கேரளத்து ஆறு என்று யாராவது சொல்லும்வரை.

பேச்சு முக்கால் மணி நேரம். உண்மையான கூட்டம் அதற்குப் பிறகுதான். கை தூக்கியவர்களின் பெயரைத் தலைவர் தாளில் குறித்துக்கொள்வார். மூன்று மூன்று பேராகக் கேட்க வேண்டும். "கேள்வி மட்டும், சொற்பொழிவு வேண்டாம்" என்ற எச்சரிக்கையை யாரும் மதிப்பதில்லை. மார்க்ஸில் தொடங்கி அம்பேத்கர் வழியாகத் தன் கட்சித் துண்டுப்பிரசுரத்தில் வந்து முடிப்பவர் ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு.

பேச்சின் நடுவே பின்வரிசையிலிருந்து "ஹிந்தி மே போலியே" என்று ஒரு குரல் எழும். ஆங்கிலம் மேட்டுக்குடி மொழி, எல்லோருக்கும் புரிய வேண்டாமா என்பது வாதம். நியாயமானதுதான். பேச்சாளரும் இந்திக்கு மாறுவார். அந்தக் கணத்தில் மதுரைக்காரரும் மிசோரம்காரரும் கூட்டத்துக்கு வெளியே போய்விடுவார்கள், நாற்காலியை விட்டு எழாமலே. அவர்களுக்கு ஆங்கிலமே தட்டுத்தடுமாறிக் கற்றது. இந்தி அதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் காதோடு காதாகச் சொல்லும் நாலு வார்த்தைதான் அவர்களுக்கு விரிவுரை. இந்தக் கிசுகிசு மொழிபெயர்ப்புக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை.

மனசுக்குள் தமிழில் கேள்வியை அமைத்து, ஆங்கிலத்தில் மாற்றி, இலக்கணத்தைச் சரிபார்த்துக் கை தூக்குவதற்குள் பட்டியல் மூடப்பட்டுவிடும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர் கோட்பாடு கேட்பார். தடுமாறுபவர் தன் ஊரில் நடந்ததைச் சொல்வார். அதை 'நல்ல உதாரணம்' என்று மேடை பாராட்டும். கேள்வியாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தப் பிரிவினையைத்தான் கோபால் குரு 2002இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரையில் போட்டு உடைத்தார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு மேல்சாதியினருக்கும், தகவல் திரட்டுவது தலித்துகளுக்கும் என்று வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது என்றார் அவர். தலித்துகள் கோட்பாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது அவர் வாதம். சர்ச்சை வருஷக்கணக்கில் ஓடியது. (கட்டுரையின் ஆங்கிலமும் லேசானதல்ல.)

2016 பிப்ரவரியில் மாணவர் சங்கத் தலைவர் கன்னையா குமார் தேசத்துரோக வழக்கில் கைதானார். அடுத்த வாரமே ஆசிரியர்கள் நிர்வாகக் கட்டடப் படிக்கட்டில் தேசியம் பற்றித் திறந்தவெளி விரிவுரைகளைத் தொடங்கினார்கள். முதலில் பேசியவர் அதே கோபால் குரு. மார்ச்சில் 84 வயது ரொமிலா தாப்பர் வந்து பேசினார். தரையில் உட்கார்ந்து கேட்டவர்கள் போக, யூடியூபில் பார்த்தவர்கள் ஏராளம். பின்னர் புத்தகமாகவும் வந்தது. ஆனால் 2023 இறுதியில் வெளியான விதிமுறைகளோ வகுப்புக் கட்டடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் போராட்டம் நடத்தினால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்றன. படிக்கட்டில் நடக்கும் விரிவுரை எந்த வாக்கியத்தில் போராட்டமாக மாறுகிறது என்பதை யார் அளப்பார்கள் என்று தெரியவில்லை.

மெஸ் கூட்டம் கலைய நள்ளிரவு தாண்டிவிடும். காலைச் சாப்பாட்டுக்காக மேஜைகள் பழையபடி நடுவே இழுக்கப்படும். பாதிப் பேர் டீக்காகக் கங்கா தாபா பக்கம் நடப்பார்கள். பேராசிரியரை ஆட்டோ வரை கொண்டுவிடப் போகும் நாலைந்து பேரில், உள்ளே வாயே திறக்காத ஒருவர் நிச்சயம் இருப்பார். தெருவிளக்கடியில், இலக்கணம் பற்றிய கவலையை விட்டு, அவர் கேட்க ஆரம்பிப்பார். பேராசிரியர் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைப்பார். ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடியைப் பற்றவைப்பார்.